அப்பாவின் விருத்தசேதனம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். அப்பாவும் அம்மாவும் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டபோது, பனி நாட்டுக்குப் புலம்பெயர்ந்து வந்திருந்த எங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டில் மாலைதோறும் அவர்களுக்கு வேதம் வாசிக்கும் வேலை என்னிடம் வந்தது. முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் வாசிப்பது என்று நானே சட்டம் போட்டேன்.

முதல் புத்தகத்தின் பதினேழாம் அதிகாரத்தில் அகப்பட்டுக்கொண்டேன். தொண்ணூற்றொன்பது வயது முற்பிதா ஒருவர், கடவுளோடு செய்த உடன்படிக்கைக்கு அடையாளமாக விருத்தசேதனம் செய்துகொள்கிறார். சுன்னத்துத்தான். மகள் அப்பாவுக்கு முன்னால் வாசிக்கிற விஷயமா? குரல் தளராமல் வாசித்து முடித்தேன். அப்பா பனி அள்ள வெளியே போனார். அன்றைக்குப் பனியே கொட்டவில்லை.

அதன்பின், இரண்டு வாரத்தில் வரவிருந்த அவர்களின் ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்டால் "பேந்து பாப்பம்" என்று அப்பா தள்ளிப்போட்டார். விசுவாசத்தையே விட்டுவிட்டாரோ என்று பயந்தேன். அம்மாதான் குசினியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"கொப்பர் வெட்டுக்குப் பயந்துபோய் நிக்கிறார், பிள்ளை. அந்த வயசு மனிசனையே விடேல்லை, தன்னை விடுவினமோ எண்டு கேக்கிறார்."

அன்று என் சட்டத்தை நானே மீறினேன். பின்பக்கங்களுக்குத் தாவி, அப்போஸ்தலர் எழுதிய நிருபங்களை அவர்களுக்கு வாசித்தேன். இனி வெட்டப்பட வேண்டியது உடம்பல்ல, இருதயம் என்று அங்கே இருந்தது.

"அப்ப ரத்தம்?" என்றார் அப்பா.

"அதை இயேசு சிந்தியாச்சு. எல்லாருக்குமாய், ஒரே தரம்."

"அது எனக்கு விளங்குது," என்றார் அம்மா. ஊர்க் கோயிலில் நேர்த்திக்கடனுக்குச் சேவல் பலி கொடுத்தவர் அவர். "நாங்கள் வருஷா வருஷம் குடுத்தம். இவர் ஒருக்காத் தன்னையே குடுத்திட்டார்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கத்தி இல்லையோ?"

"இல்லை அப்பா. நெஞ்சில மட்டும்தான்."

"நெஞ்சில என்னத்தை வெட்டுறது?"

"லாசால் சித்தப்பாவோட ஆறு வருஷமாக் கதைக்கிறேல்லையே, அதை."

லாசாலில் இருக்கும் சித்தப்பா அப்பாவின் தம்பி. தன் மகளின் சாமத்திய வீட்டுக்கு, அதுதான் பூப்புனித நீராட்டு விழாவுக்கு, நேரில் வந்து சொல்லாமல் ஃபோனில் சொன்னார் என்பதுதான் அப்பாவுக்குக் கோபம்.

அப்பா வேதத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

"இதுக்கு ஆஸ்பத்திரி வெட்டே பரவாயில்லைப் போல கிடக்கு," என்றார்.

படித்த திமிரில் அதிகம் பேசிவிட்டேனோ என்று இரண்டு நாள் என்னையே திட்டிக்கொண்டேன். சனிக்கிழமை அவர் மெட்ரோவும் பஸ்ஸும் மாறி லாசாலுக்குப் போய், மாலையில் திரும்பினார்.

"நொந்ததோ அப்பா?"

"நொந்ததுதான். சித்தி ஆட்டிறைச்சிக் கறி வச்சுச் சமாளிச்சுப் போட்டா."

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டார். "இஞ்சரப்பா, ஞானஸ்நானத்துக்கு என்ர வெள்ளை வேட்டியை எடுத்து வையும். தம்பியும் வாறானாம்."