பசித்த ஆடு வரைந்த வட்டம்

என் மகளைத் திண்டுக்கல்லில் ஆறாம் வகுப்பில் சேர்க்க, தலைமையாசிரியை நேரில் கேள்வி கேட்பார் என்றார்கள்.

"அதுல தேறலைன்னா அம்புட்டுத்தான். கூடையத் தூக்கிட்டு எங்கூடக் கனகாம்பரம் பறிக்க வரட்டும்" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் நன்றாகவே சாப்பிட்டாள்.

எட்டாவது வரை படித்த நான், கணக்கு வரையறைகளை அவளை உருப்போட வைத்தேன். வட்டத்துக்கு வந்ததும் முரண்டு பிடித்தாள். ஒரு புள்ளி இன்னொரு புள்ளியைச் சுற்றி நகர்வதாம்.

"புள்ளி எதுக்கும்மா சுத்துது? அதுக்கு வேற சோலி இல்லையா?"

பூக்காலத்தில் எங்கள் பக்கம் ஆட்டை அவிழ்த்துவிடுவதில்லை. தரிசில் முளையடித்துக் கட்டித்தான் மேய விடுவோம். அவளை அங்கே இழுத்துப்போனேன். முளை மையம், கயிறு ஆரம், கயிறு எட்டுகிற கடைசி ஓரம் பரிதி. ஓர் ஓரத்திலிருந்து முளை வழியாக நேரே எதிர் ஓரம் போனால் விட்டம். ஆரத்தைப் போல் இரண்டு மடங்கு. ஆடு சுற்றச் சுற்றக் கயிறு முளையில் சுருண்டது. ஆரம் குறைந்தால் எப்படி வட்டமாகும்? பயந்துபோய் முளையில் இரும்பு வளையம் மாட்டி, அதில் கயிற்றைக் கட்டினேன்.

"ஆட்டுக்கு மோதிரம் போடுற மொத ஆளு நீதான்" என்றார் மாமியார்.

பள்ளியில் என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டேன்.

"வட்டம்னா என்னம்மா?" என்றார் தலைமையாசிரியை.

"ஆடு மேஞ்ச எடத்தோட ஓரம், டீச்சர்."

'புள்ளி, புள்ளி' என்று ஜன்னல் வழியே வாயசைத்தேன்.

"ஆடு ஓரம் வரைக்கும் போகலைன்னா?"

"பசிச்ச ஆடா இருக்கணும், டீச்சர்."

உள்ளே சிரிப்பு. பிறகு மகள் மையம், ஆரம், விட்டம் எல்லாவற்றையும் முளையோடும் கயிற்றோடும் சரியாகவே சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டு என்னை அழைத்தார்கள். நான் போய்க் கைகட்டி நின்று, யாரும் கேட்காமலே ஒரே மூச்சில் ஒப்பித்தேன்: "நிலையான ஒரு புள்ளியிலிருந்து எப்போதும் சம தூரத்தில் இயங்கும் புள்ளியின் பாதை வட்டம்."

"உக்காருங்கம்மா. சேக்கப்போறது உங்க மகளைத்தான்" என்றார் அவர்.

செம்பட்டி பஸ்ஸில் மகள் முறுக்கு தின்றுகொண்டு வந்தாள். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது: டீச்சரிடம் ஒப்பித்ததில் 'ஒரு தளத்தில்' என்பதை விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் அந்தப் புள்ளி மேலும் கீழும் திரிந்து, வட்டம் பந்தாகிவிடலாம்.

"ஏம்மா எந்திரிக்கிற? நம்ம ஊரு இன்னும் வரலையே" என்றாள் மகள்.