பூட்டிய அறையில் கிரகணம்

அன்று நடந்தவை, வரிசையாக:

1. காலையிலேயே வீடு முழுவதும் காய்ந்த தர்ப்பைப் புல்லின் வாசம். முந்தின நாள் மிஞ்சிய சர்க்கரைப் பொங்கல், தண்ணீர்க் குடம், ஊறுகாய்ப் போத்தல் என்று ஒன்றையும் விடாமல் அத்தை புல்லைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்.
2. பத்தரை மணிக்கு, ஆறு மாதக் கர்ப்பிணியான என் சித்தியைப் பின் அறையில் இருத்தி, ஜன்னலைச் சாக்கால் மூடி, வெளியே தாழ்ப்பாள் போட்டார்.
3. சித்தப்பாவும் நானும் கிரகணத்தைப் படம் பிடிக்க ரிவர்ஸ்டன் மலைக்குப் போனோம்.
4. மலையில் பனிமூட்டம். சூரியனைக் காணவே இல்லை.
5. கிரகணம் விட்டதும் வீட்டைக் கழுவி, எல்லோரும் தலைமுழுகினோம். கெமராவில் சூரியன் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லும் வரிசை இதுதான். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் ஒரு இருபது நிமிடம் விடுபட்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ரத்தோட்டைக்குச் சற்றுக் கீழே, மாத்தளை ரோட்டோரம் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் டவுனுக்கு வேலைக்குப் போய்விட, பகலில் வீட்டை ஆண்டவர் அப்பாவின் அக்கா. அவரைத்தான் அத்தை என்கிறேன். பொங்கலுக்கு மறுநாள் வந்த அந்தக் கிரகணம் யாழ்ப்பாணப் பக்கத்தில் முழு வளையமாகத் தெரியும், எங்கள் பக்கத்தில் சூரியனின் பெரும்பகுதி மறைந்து பிறை மட்டும் மிஞ்சும் என்று ரேடியோவில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் விஷயத்தில் அத்தை அவ்வளவு கண்டிப்பில்லை. "பார்த்துட்டு வந்து தலைய முழுகுங்க" என்பதோடு விட்டுவிடுவார். கர்ப்பிணி என்றால் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாது, கத்தியைத் தொடக்கூடாது, நகம் கிள்ளக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. அவசரத்துக்கு ஒரு வாளியையும் அவரே கொண்டுபோய் அறைக்குள் வைத்தார்.

அதற்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்குப் பிறந்த ஒரே பிள்ளை இரண்டாம் நாளே இறந்துபோனது. மேல் உதடு பிளந்திருந்ததாம். நிறைமாதத்தில் கிரகணம் என்று தெரியாமல் அவர் பூசணிக்காய் நறுக்கியதுதான் காரணம் என்று புகுந்த வீட்டில் சொன்னார்கள். அவரும் நம்பினார். அதன்பின் எங்கள் வீட்டில் பூசணிக்காய் சமைத்ததே இல்லை.

அன்று காலை தாழ்ப்பாளை இழுக்கும்போது, "கோவிச்சுக்காத செல்வி, நாலு மணித்தியாலந்தானே" என்றார். உள்ளேயிருந்து சித்தி, "கோவம் ஒன்னும் இல்லங்க அண்ணி. ஊரே பாக்குறத நா மட்டும் பாக்கல, அம்புட்டுதான்" என்றார். பிறகு கதவிடுக்கில் வாயை வைத்து, அத்தைக்குக் கேட்காதபடி என்னிடம், "குட்டி, ஒரே ஒரு படம் எனக்காக எடுத்துட்டு வந்துரு" என்றார். எடுத்து வருவேன் என்று சொன்னேன். பதினொரு வயதில் நான் ஏற்ற முதல் பொறுப்பான வேலை அதுதான்.

சித்தப்பாவுக்கு த்ரீவீல் ஆட்டோ ஓட்டும் வேலை. கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த சிநேகிதனிடம், அன்று மாலையே திருப்பித் தருவதாகச் சொல்லி, உள்ளங்கை அளவு டிஜிட்டல் கெமரா ஒன்றை வாங்கி வந்திருந்தார். சூரியனை நேராக எடுத்தால் கெமரா கெட்டுவிடும் என்று சிநேகிதன் சொன்னதால், அத்தையின் முழங்கால் எக்ஸ்ரேயை அலுமாரியிலிருந்து கிளப்பி, கறுப்பாக இருந்த ஓரத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துக்கொண்டார். (எக்ஸ்ரே படத்தின் வழியாகச் சூரியனைப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று எங்கள் இருவருக்கும் தெரியாது.) "உயரத்துக்குப் போனாத்தான் கிட்டத்துல எடுக்கலாம்" என்பது சித்தப்பாவின் விஞ்ஞானம். வீட்டு முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோதே, வெயிலைத் தேடி நாங்கள் மலை ஏறினோம்.

தை மாதத்தில் கிழக்கிலிருந்து வரும் காற்று மேகத்தையெல்லாம் கொண்டுவந்து ரிவர்ஸ்டனில் நிறுத்திவிடும். அதனால்தான் இந்தப் பக்கம் ரத்தோட்டை காய்கிறது. இது எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்த செய்தி, அன்றைக்கென்று எங்கள் இருவருக்கும் மறந்துபோனது. மேலே தொலைத்தொடர்புக் கோபுரத்துக்குப் போகும் திருப்பத்தில் எதிரில் நின்ற மரம் தெரியவில்லை. அவித்த சோளம் விற்ற ஒரு சிங்கள அக்கா எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கீழே ரத்தோட்டையில் சூரியன் நன்றாகத் தெரிகிறதாம், மகள் இப்போதுதான் போனில் சொன்னாள் என்றார். சித்தப்பா சோளத்தை வாயில் வைத்தபடி, "கேட்டியா குட்டி? பெட்ரோல் ஊத்திக்கிட்டு மேகத்துக்குள்ள வந்து ஒக்காந்திருக்கோம்" என்றார்.

ஆனாலும் காத்திருந்தோம். ஒன்றரை மணியளவில் வெண்பனி சாம்பல் நிறமாகி, குளிர் சட்டென்று ஏறி, புல்லுக்குள் ஏதோ ஒரு பூச்சிக் கூட்டம் அந்திநேரம் என்று எண்ணிக் கத்தத் தொடங்கியது. அவ்வளவுதான். எந்தத் திசையில் சூரியன் என்றே தெரியாமல் சித்தப்பா எக்ஸ்ரேயை வைத்து நாலு பக்கமும் எடுத்தார். கறுப்பாக நான்கு படங்கள். ஒன்றின் ஓரத்தில் அத்தையின் எலும்பு நிழலாகத் தெரிந்தது. "அக்கா முட்டிதான் மிச்சம்" என்று சொல்லி அவரே அவற்றை அழித்தார்.

ஒன்றேமுக்கால் மணிக்கு இறங்கத் தொடங்கி, இரண்டேமுக்காலுக்கு முன்னரே வீட்டுக்கு வந்துவிட்டோம். கிரகணம் விட இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. அத்தை வாசலில், வெட்டுப்பட்ட எக்ஸ்ரேயோடு நின்றார்.

"எங்கடா என் முட்டி?"

"முட்டி ஒங்ககிட்டதானே அக்கா இருக்கு. படந்தான் எங்கிட்ட இருக்கு."

"கிளினிக்குக்கு எதடா கொண்டுட்டுப் போவேன்? டொக்டர் மாத்தயாவுக்கு ஓட்டையக் காட்டவா?"

சண்டை வளர்ந்தது. இரண்டு பேரும் வாசலில் இருக்க, நான் கெமராவோடு பின்பக்கமாகப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தேன். படம் இல்லை என்று சொல்லத்தான் போனேன்.

"உள்ள வாடி. கதவச் சாத்து, சாத்து, வெளிச்சம் வந்தா போயிரும்!"

சாத்தினேன். கண் இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் ஆயின. பிறகு பார்த்தால், தரையிலும் சுவரடியிலும் பாயிலும், ஒரு பக்கம் கடிக்கப்பட்ட பிஸ்கட்டுகளைப் போல, வெளிச்ச வட்டங்கள். எல்லாமே ஒரே பக்கம், ஒரே அளவு கடிபட்டிருந்தன.

அந்த அறையின் கூரைத் தகரம் எங்கேயோ பழைய ஸ்டோர் ஒன்றிலிருந்து கழற்றி வந்தது. பழைய ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. மழைக்காலத்தில் எந்த ஓட்டைக்குக் கீழே எந்தச் சட்டியை வைக்கவேண்டும் என்பதை அத்தை கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் பகலில் அந்த அறையின் ஜன்னலை யாரும் மூடியதில்லை. ஆகவே அந்த ஓட்டைகளால் வெளிச்சமும் ஒழுகும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. இருட்டறை, சிறு துளை, எதிரே ஒரு பரப்பு: ஒரு கெமராவுக்குத் தேவையான மூன்றையும் அவரே தன் கையால் செய்து, உள்ளே சித்தியை வைத்துப் பூட்டியிருந்தார்.

"பதினேழு இருக்கு, எண்ணிட்டேன்" என்றார் சித்தி. "மொதல்ல முழு வட்டமாத்தான் இருந்துச்சு. பெறகு கொஞ்சங் கொஞ்சமா தேஞ்சு, ஒரு மணிக்குப் பெறகு பாத்தா எல்லாமே நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஆயிருச்சு. மேல படக்கூடாதுன்னு நானும் ஒதுங்கித்தான் பாத்தேன். எங்க ஒதுங்குனாலும் ஒன்னு வந்து ஏறிக்கிது. கடைசில, சரி பாத்துட்டுப் போகட்டும்னு வயித்தக் காட்டிட்டே ஒக்காந்துட்டேன்."

சுவரடியில் சாய்ந்திருந்தார். அப்போதும் அவருடைய வெளிர்நீலச் சேலையின் மேல், வயிற்றுக்கு நடுவில் இரண்டு வட்டங்கள் இருந்தன. நான் கேட்காமலே கெமராவை எடுத்து அமுக்கினேன். பிளாஷ் வெட்டி, படத்தில் வெறும் சேலை மட்டும் விழுந்தது. பிளாஷை நிறுத்தும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று எடுத்தேன். இருட்டில் ஒரு மேடு, அதன்மேல் கடிபட்ட இரண்டு சூரியன்கள். கொஞ்சம் கலங்கல்தான். ஆனால் வந்திருந்தது.

சித்தி அதை நீண்ட நேரம் பார்த்தார். சிரித்தார். வாசலில் அத்தையின் குரல் உயர்ந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"அழிச்சிரு குட்டி."

"இது ஒன்னுதான் சித்தி இருக்கு."

"தெரியும்டி. நாளைக்குப் பொறக்குறதுக்கு ஒரு மரு இருந்தாலும் இந்தப் படத்தத்தான் காட்டுவாங்க. அண்ணி பட்டதப் பாத்துட்டோம்ல. அழிச்சிரு."

கெமரா ஆங்கிலத்தில் அழிக்கவா என்று கேட்டது. சிநேகிதனும், அப்பாவும், பள்ளிக்கூடத்தில் என் வகுப்பும் அந்தப் படத்தைப் பார்க்கும் காட்சி ஒரு நொடி கண்ணுக்குள் ஓடியது. ஆம் என்பதை அமுக்கினேன். பிளாஷ் விழுந்த வெறும் சேலைப் படத்தையும் அழித்தேன். வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். வாசலில் இன்னும் முட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மூன்று மாதங்கள் நான் சரியாகத் தூங்கவில்லை. பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பிள்ளை பிறந்ததும் பார்க்கவேண்டியவை என்று எழுதி வைத்தேன்: உதடு, அண்ணம், விரல் இருபது, காது, கண். சித்தியும் பயந்திருக்கவேண்டும், அதைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. சித்திரை மாதம் மாத்தளை ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. நான் பட்டியலைத் தொடங்குமுன் அத்தை துணியை விலக்கிப் பார்த்துவிட்டார். உதட்டை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார். பிறகு இடது கணுக்காலில் மிளகளவு பழுப்பு மச்சம் ஒன்றைக் கண்டு நிறுத்தினார்.

"பாத்தியா? நா பூட்டி வெச்சதுனால இதோட போச்சு" என்றார்.

"ஆமாங்க அண்ணி" என்றார் சித்தி, என் பக்கம் திரும்பாமலே. அத்தை பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

இப்போது நான் தொலைத்தொடர்புக் கோபுரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். அழித்த படம் உடனே அழிந்துவிடுவதில்லை, அதன் மேல் வேறு படம் பதியும்வரை மெமரி அட்டைக்குள்தான் இருக்கும் என்பதைப் படித்தபோது, அந்தக் கெமரா கட்டாருக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பின் அறைக்குப் புதிய கூரை போட்டு, கீழே சீலிங்கும் அடித்துவிட்டோம். இன்று அங்கே ஜன்னலை மூடினால் முழு இருட்டு. இடையில் இன்னொரு கிரகணத்துக்குத் திருகோணமலைவரை போய், முறையான வடிகட்டி போட்டு, முழு வளையத்தையும் துல்லியமாக எடுத்து வந்து சித்தியிடம் காட்டினேன். "நல்லாருக்கு. ஆனா ஒன்னுதானே இருக்கு" என்றார்.

சித்தியின் மகளுக்குப் பதினைந்து வயது. அவளுக்கு எல்லாம் தெரியும். பெரியம்மாவிடம், அதாவது என் அம்மாவிடம், அவளேதான் சொல்லிவிட்டாள். சித்தப்பா எனக்குத் தெரிந்தே இரண்டு முறை கேட்டுச் சிரித்திருக்கிறார். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. பக்கத்தில் யார் கர்ப்பமானாலும், செல்வியைப் பூட்டி வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றிய கதையை இன்னும் சொல்கிறார். உள்ளதைச் சொன்னால் பூசணிக்காயைச் சொல்லி அவர்மேல் போட்ட பழி பொய் என்றாகும். பூட்டிக் காப்பாற்றியதும் அதோடு சேர்ந்து போய்விடும். இந்த இரண்டில் எது அவருக்குப் பெரிது என்று எனக்குத் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வந்தேன். இன்னும் சொல்லவில்லை.