பக்கத்து இருக்கையின் ஆக்சிலேட்டர்

சிக்னல் பச்சைக்கு மாறியதும் வயரக்காவின் வலது கால் அமுங்குகிறது. அவர் உட்கார்ந்திருப்பது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. அங்கே அழுத்துவதற்கு ஒன்றும் கிடையாது. தரையில் ஒரு ரப்பர் விரிப்பு. அதிலும் குதிகால் ஊன்றும் இடமும் பாதம் பதியும் இடமும் வழவழவென்று தேய்ந்துவிட்டன. பிள்ளைகள் ஓட்டும்போது பக்கத்தில் இருக்கும் தாய்மார்கள் பிரேக்கைத் தேடுவார்கள். இவர் கால் தேடுவது ஆக்சிலேட்டரை.

"அம்மா, காலை எடு. நீ அமுக்கற அமுக்குல வண்டி ஓட்டையாகி ரோடு தெரியப்போகுது" என்கிறாள் ஓட்டிக்கொண்டிருக்கும் மகள்.

"தெரியட்டும்டி. உன் வேகத்துக்கு அந்த ஓட்டையில காலை விட்டு நடந்தே போயிடலாம்."

தகரக் கூரை போட்ட பட்டறையில் பாதி இவருடையது. மறுபாதியில் கணவர் இன்ஜின் பார்க்கிறார். ஹாரன் அடிக்காத கார், விளக்கு எரியாத வேன் எல்லாம் இவர் பக்கம் வரும். வயர் வேலையால் ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர். அவரைவிட மூத்த லாரிக்காரர்களும் வயரக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொண்டையில் பென்சில் செருகுகிற மாதிரி டெஸ்டர் செருகியிருப்பார். வயரின் தோலை உரிக்க மூன்று கருவிகள் ஆணியில் தொங்கினாலும் பல்லால்தான் உரிப்பார். முன்பல்லில் ஒரு சின்னப் பள்ளமே விழுந்திருக்கிறது. "அந்தப் பள்ளத்துல சரியா உக்காருதுங்க, வயரு" என்று சிரிக்கிறார்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. விடுமுறை நாளில் அதை வாடகைக்கு எடுத்துக் கார்ப் பந்தயம் விடுகிறவர்கள் நைட்ரஸ் பொருத்த இவரைத் தேடி வருவார்கள். நைட்ரஸ் என்பது பாட்டிலில் அடைத்த வாயு. இன்ஜினுக்குள் போனால் சில நொடிகளுக்கு வண்டி வெறி பிடித்தாற்போல் பாயும். நேரம் தவறிப் போனால் இன்ஜினே வெடித்துச் சிதறும். அதனால் மூன்று காவல் வைக்கிறார்: ஓட்டுகிறவர் தட்டும் சுவிட்ச், ஆக்சிலேட்டர் தரையைத் தொட்டால் மட்டும் பேசுகிற இன்னொரு சுவிட்ச், இன்ஜின் போதிய வேகத்தில் சுற்றுகிறதா என்று பார்க்கும் ஒரு பெட்டி.

"சம்பந்தம் பேசற மாதிரிதான். மூணு பேர்ல ஒருத்தர் முகத்தைச் சுளிச்சாலும் கேஸ் உள்ளே போகக்கூடாது."

மின்சாரச் சுமையைத் தாங்கும் ரிலே வைக்காமல், சுவிட்சின் மெல்லிய வயரிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வருகிறவர்களைக் கண்டால் கோபம் வரும். "சுவிட்ச் சொல்லணும், ரிலே தூக்கணும். வாய் வேற, முதுகு வேற. வாயாலயே மூட்டை தூக்கினா எரியத்தானே செய்யும்?"

வேலை முடிந்ததும் சோதனை. பாட்டில் மூடியிருக்கும், இன்ஜின் ஓடாது, பெட்ரோல் உள்ளே போகாதபடி அதன் வால்வின் வயர் கழற்றியிருக்கும். இன்ஜின் ஓடாதபோது தடுக்கும் அந்த வேகப் பெட்டியைத் தாண்டச் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு சிவப்பு வயரை எடுத்து மாட்டுவார். முடிந்ததும் அது திரும்பப் பைக்குள் போய்விடும். யார் வண்டியிலும் அது தங்கியதில்லை. பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி, சுவிட்சைத் தட்டி, ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதிப்பார். திறந்த பானெட்டுக்குள் வாயு வால்வு 'டக்' என்னும். அங்கே குனிந்திருக்கும் கணவர் "வந்துச்சு, காலை எடு" என்று குரல் கொடுப்பார். மிதித்தபடியே இருந்தால் வால்வுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடாகிவிடும். இவர் கால் எடுப்பார். இத்தனை வண்டிக்கு இத்தனை வயர் இழுத்தவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காரும் நேரம் அந்த 'டக்' அளவுதான்.

வண்டி ஓட்டாததன் காரணத்தை அவரே சொல்வார், ஒளிவுமறைவு இல்லை. இளவயதில் வயர் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கையில் வைத்தபடி வலிப்பு வந்து விழுந்தவர். மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டு வருகிறார். "போன வருஷங்கூட வந்துச்சுங்க. விழல. கையில பிடிச்ச வயர் என்ன கலர்னே தெரியாமப் போச்சு. ரெண்டு மூணு நொடிதான். நைட்ரஸ் பாயறதும் அவ்வளவு நேரந்தானே."

வருகிற எல்லோரிடமும் தலைசுற்றல் உண்டா, மயக்கம் உண்டா என்று கேட்பார். பேக்கரிக்காரர் ஒருவர் அடுப்படியில் எப்போதாவது கண் இருட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். பாட்டிலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் வயரக்கா.

"ஒரே ஒரு தடவைக்கா. ஆசைக்கு."

"ஒரு தடவைன்னா வண்டி மெதுவாவா போகும்? போய் பன்னு சுடுங்க."

சென்ற மாதம் மருந்துக்கடைக்காரரின் காரைச் சோதித்துப் பார்க்க வயரக்காவும் கணவரும் ஓடுதளத்துக்குப் போனார்கள், பட்டறைக்கு அடிக்கடி வந்து உட்காரும் நானும் தொற்றிக்கொண்டேன். ஆள் இல்லை, காற்று இல்லை. நீண்ட நேர்கோடு, அதன் கோடியில் கானல் மட்டும். கார் பாதி தூரத்தில் வாயுவை விழுங்கிக் கத்திய கத்தலில் வயரக்காவின் வலது செருப்பு மண்ணுக்குள் புதைந்தது. மருந்துக்கடைக்காரர் திரும்பி வந்து இறங்கியபோது முகம் முழுக்கப் பல்லாக இருந்தார். சாவியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தவர், சட்டென்று சொன்னார்:

"அக்கா, நீங்க ஒரு ரவுண்டு போங்க. உங்க மாத்திரை என் கடையிலதானே வாங்கறீங்க, எனக்குத் தெரியாததா? இந்த வருஷம் ஒண்ணும் வரலதானே. நேர் ரோடு, குறுக்க ஒரு நாய் கூட இல்ல. ஒரே ஒரு தடவை."

வயரக்கா கணவரைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார் அவர், துடைத்த கையையே மறுபடி துடைத்தபடி.

"நீங்க எப்பத்தான் சொல்லியிருக்கீங்க?"

கதவின் கைப்பிடியில் கை வைத்தார். கோடியில் ஆடிய கானலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், டிக்கியைத் திறந்து, பாட்டிலின் வாயைத் திருகி மூடினார். குழாயில் மிஞ்சியிருந்த வாயுவை வெளியே விட்டார். வெள்ளையாகச் சீறி ஓய்ந்தது. இன்ஜினை அணைத்தார். பானெட்டைத் தூக்கி, பெட்ரோல் வால்வின் வயரைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து சிவப்புத் துண்டு வெளியே வந்தது.

"சோதனை நேத்தே முடிஞ்சுதேக்கா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இன்னொரு தடவை பாத்துக்கறேன்."

ஏறி உட்கார்ந்தார். இருக்கையை முன்னுக்கு இழுத்தார், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார், பெல்ட் போட்டுக்கொண்டார். சோதனைக்கு அவர் பெல்ட் போட்டு நான் பார்த்ததில்லை. சுவிட்சைத் தட்டி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, கால் தரையைத் தொடும்வரை மிதித்தார்.

'டக்.'

கால் மேலே வரவில்லை. அவர் கணவரின் குரலுக்கு நான் காத்திருந்தேன். குனிந்து நின்ற அவர் நிமிர்ந்து, திறந்திருந்த பானெட் மனைவிக்கு ஓடுதளத்தை மறைப்பதைப் பார்த்தார். சத்தமில்லாமல் அதை இறக்கி மூடினார். பிறகு, புறப்படுகிற வண்டிக்கு வழி விடுகிறவரைப் போல, ஒதுங்கி நின்றார்.