பிள்ளைக் காம்பரா அடுப்பு

டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அம்மாக்கண்ணுவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் பால்குடிப் பிள்ளைகள் மட்டும்தான். பிள்ளைக் காம்பராவின் ஆயா அவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற இருபத்திரண்டு பிள்ளைகளையும் பொழுது சாயும்வரை பார்த்துக்கொள்வாள். பிள்ளைகளுக்குத் தாலாட்டு, தாய்மாருக்கு ஏச்சு.

ஐம்பத்துநாலில் மழை விட்ட கையோடு நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபாய்டு பரவியது. காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி, மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். உத்தரவு போட வாய் போதும். தண்ணீர் கொதிக்க விறகு வேண்டாமா? காம்பராவுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு கட்டு. அதுவும் ஈரம். வெளியே ஒரு சுள்ளி ஒடித்தாலும் காவல்காரன் பிடித்துக்கொள்வான். அம்மாக்கண்ணு கணக்கப்பிள்ளை கந்தப்பனிடம் நடையாய் நடந்தாள்.

“ஐயா, தேயில காய வைக்க ஸ்டோருக்கு லொறி லொறியா வெறகு போவுது. புள்ளைகளுக்கு ரெண்டு கட்டு கூடக் குடுத்தா என்னாங்க?”

“தொரைகிட்டச் சொல்லியிருக்கு. பொறு.”

“காச்சல் பொறுக்குமாங்க?”

“வாயக் கொறை, அம்மாக்கண்ணு!”

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் விறகு தீர்ந்து அடுப்பு அணைந்தது. காளியாயியின் மூன்று வயது மகள் நாகலெட்சுமி தண்ணீர் கேட்டு, தொண்டை கட்டும்வரை அழுதாள். பாழாய்ப்போன மனசு பொறுக்காமல், அம்மாக்கண்ணு அரைக் கோப்பை பீலித் தண்ணீரைக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடியிருக்கிற லயத்திலும் அதே பீலிதானே, அங்கே குடித்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அம்மாக்கண்ணுவுக்கு அந்த அரைக் கோப்பைதான் கண்ணுக்குள் நின்றது.

அதற்குப் பிறகுதான் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அன்று காலையில், அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல, காம்பரா வாசலில் கூரை உயரத்துக்குக் காய்ந்த விறகு! “ஐயா போனதும் ஸ்டோருக்குத் திருப்பி ஏத்தணும்” என்று கந்தப்பன் ஆட்களிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

“எல்லா நாளும் தண்ணி கொதிக்க வைக்கிறதா?” என்று பரிசோதகர் கேட்டார். ஆமாம் சொல் என்று கந்தப்பன் கண்ணைக் காட்டினார்.

“இல்லீங்க. வெறகு இல்லாம ஒரு நாளு பச்சத் தண்ணி குடுத்தேன், இந்தக் கையாலதான். இந்த வெறகு காலையில வந்துச்சு. நீங்க போனதும் போயிரும்.”

பரிசோதகர் எழுதிக்கொண்டார். விறகு அங்கேயே கிடந்தது. பச்சைத் தண்ணீர் கொடுத்த குற்றத்துக்கு அம்மாக்கண்ணுவை மறுநாளே கொழுந்து மலைக்கு அனுப்பினார்கள். விறகு கொடுக்காதவருக்கு மட்டும் ஒரு குற்றமும் இல்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

நாகலெட்சுமி தலைமுடி கொட்டி, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். காளியாயிக்குப் பக்கத்துச் செடி நிரையில்தான் அம்மாக்கண்ணுவுக்குக் கொழுந்து. காளியாயி முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மாக்கண்ணுவின் பார்வையெல்லாம் கீழே காம்பரா புகைபோக்கிமேல்தான். புகை வராவிட்டால் மலையிலிருந்தே புது ஆயாவைப் பார்த்துக் கத்துவாள். “இன்னொரு தடவ கத்துனா பேர வெட்டுவேன்” என்பார் கங்காணி. பேர் வெட்டினால் அன்றைக்குச் சம்பளம் இல்லை.

இரண்டு மாதத்தில் அந்த விறகும் தீர்ந்தது. ஒரு மதியம், செடிக்குள் குனிந்திருந்தவளைப் பக்கத்து நிரையிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

“அக்கா! பொகையக் காணோம்க்கா. எம் புள்ள அங்கதான் இருக்கு.”

அம்மாக்கண்ணு கூடையை இறக்கினாள். மரத்தடியில் கிடந்த காய்ந்த கிளைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

“ஏய் அம்மாக்கண்ணு, வெறகத் தொடாத! பேர வெட்டிருவேன்!”

காளியாயியும் கூடையைக் கழற்றினாள்.

“எம் பேரையும் சேத்து வெட்டுங்க, கங்காணி” என்றாள்.