நாக்கைத் தூக்கிக் காட்டுங்கோ

சந்தேகப்படுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று என் வீட்டில் இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் அந்தக் குணத்தை நான் ஆசைப்பட்டு வளர்க்கவில்லை. குடிகாரனோடு பதினொரு வருஷம் சீவித்தவள் சந்தேகப்படாமல் இருந்தால்தான் அதிசயம். வாசல் படலையில் சைக்கிளைச் சாத்துகிற சத்தத்திலேயே எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கொய்யாக் கொழுந்து, கறுவாப்பட்டை என்று எதைச் சப்பிக்கொண்டு வந்தாலும் என் மூக்கை ஏமாற்ற முடியாது.

என் கணவர் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற மிஷின்களைத் திருத்துகிறவர். கோப்பாயைச் சுற்றியுள்ள வெங்காயத் தோட்டமெல்லாம் அவர் கையை நம்பித்தான் இருந்தது. சண்டையும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் எரிபொருளும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. பழைய சாமானை உருவி, வெட்டி, கட்டி எப்படியோ மிஷினை ஓட வைத்துவிடுவார். ஓடத் தொடங்கிய சந்தோஷத்தில் தோட்டக்காரர் ஒரு போத்தலை நீட்டுவார். பருவத்தில் பனங்கள்ளு, மற்ற நாளில் களவாய்க் காய்ச்சின கசிப்பு. "கள்ளு சாப்பாடு மாதிரியப்பா" என்று எனக்குப் பாடம் நடத்துவார். நானும் அந்தச் சாப்பாட்டைக் கழுவிக் கழுவி அலுத்துப்போனேன்.

ஒருநாள் குடலைப் பிரட்டி இரத்தமாகச் சத்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை வைத்திருந்தார்கள். அங்கிருந்த டொக்டர், குடியை விடுவிக்கிற சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு எங்களை அனுப்பினார். போகிற வழியில் என் கணவரிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் சொன்னேன். "இன்னொருக்கா ஒரு சொட்டுத் தொட்டாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அண்ணை வீட்டை போயிடுவன். பிறகு வரமாட்டன்." அவர் தலையை ஆட்டினார். எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளைப் பிரிந்து அவரால் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த நிலையத்தின் முறை என்னவென்றால், ஆளை வைத்திருக்க மாட்டார்கள். ஒரு குளிசை தருவார்கள். அதை ஒவ்வொரு காலையும் மனைவி தன் கையால் கரைத்துக் கொடுத்து, விழுங்கும்வரை பார்த்து நின்று, ஒரு கொப்பியில் சரி போட வேண்டும். குளிசை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், சத்தி வரும், கூடக் குடித்தால் உயிருக்கே ஆபத்து என்று இரண்டு பேரையும் ஒன்றாக இருத்திச் சொன்னார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என் மூக்கைவிட நல்ல காவல்காரன் கிடைத்துவிட்டான்.

கிழமைக்கொருதரம் அந்த நிலையத்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வருவாள். முப்பது வயதுகூட இராது. கையில் கொப்பி. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், அவர் வேலைக்கு எந்தப் பக்கம் போகிறவர், யார் தேடி வருகிறார்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறவர் என்று கேட்டு எழுதுவாள். அந்த வருஷங்களில் இப்படிக் கேள்வி கேட்டு எழுதுகிறவரை யார் நம்புவார்கள்? எழுதியது எங்கே போகும், யார் கையில் கிடைக்கும் என்று கொப்பியை எட்டி எட்டிப் பார்ப்பேன். பாதி கேள்விக்குப் பொய் சொன்னேன். மீதிக்குத் தேத்தண்ணி கொடுத்துச் சமாளித்தேன். அவள் யாரென்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம் மருத்துவிச்சி என்று சொல்லிவைத்தேன். அவள் அன்றிலிருந்து வேலிக்கு மேலால் என் வயிற்றைப் பார்க்கத் தொடங்கினாள்.

முதல் நாளே அந்தப் பெண் கேட்டாள். "அக்கா, வீட்டிலை கள்ளு, வினாகிரி ஏதும் பாவிக்கிறனீங்களோ?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்கடை வீட்டுக்கை கள்ளு வாறேல்லை, பிள்ளை. அவர் குடிச்சதெல்லாம் வெளியிலை."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. போகும்போது, "குளிசை குடுக்கேக்கை ஒரு நல்ல சொல்லுச் சொல்லிக் குடுங்கோ அக்கா" என்றாள். நல்ல சொல்லாம்! பதினொரு வருஷம் பட்டவளிடம் வந்து சொல்கிற புத்தியைப் பார் என்று நினைத்தேன். காலையில் இரண்டு கரண்டிக்கு நடுவில் குளிசையை நசுக்கி, தண்ணீரில் கரைத்து நீட்டுவேன். குடித்து முடிந்ததும், "நாக்கைத் தூக்கிக் காட்டுங்கோ" என்பேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல வாயைத் திறந்து காட்டுவார். சரி போடுவேன். அவ்வளவுதான் எங்கள் காலைப் பேச்சு.

மூன்று மாதம் போனது. அவர் முகத்தில் சதை பிடித்தது. மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஊரில் எல்லாரும் நல்லாயிருக்கிறார் என்றார்கள். எனக்கு மட்டும் நித்திரை இல்லை. அவர் கழற்றிப் போட்ட சேட்டை மணந்து பார்த்தேன், கருவிப் பெட்டியைக் கிண்டிப் பார்த்தேன், அவர் மிஷின் திருத்தப் போன வீட்டுப் பெண்களிடம் சாடைமாடையாக விசாரித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. களவு வலு சுத்தமாக நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பம் சுட்டேன். மகள் நாலைந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் பால் விட்ட அப்பம் அவருக்கும் உயிர். குளிசை குடித்த கையோடு அடுப்படியிலேயே குந்தியிருந்து, சட்டியிலிருந்து எடுக்க எடுக்க ஆறேழு சாப்பிட்டார். அரைமணித்தியாலம் போயிருக்காது. காதுவரை சிவந்துபோய் வந்து, "இஞ்சேர், நெஞ்சு அடிக்குது" என்று சுவரைப் பிடித்தார். பிறகு கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தார்.

முகம், நெஞ்சு, சத்தி. நிலையத்தில் சொன்னது ஒன்றும் பிசகாமல் என் கண்முன்னால் நடந்தது. இன்னொருத்தி என்றால் தண்ணீர் கொடுத்திருப்பாள், ஆளைக் கூப்பிட்டிருப்பாள். நான் குனிந்து அவர் வாயை மணந்து பார்த்தேன். புளித்த மணம் குப்பென்று வந்தது.

"எப்ப குடிச்சனீங்கள்?"

"நான் குடிக்கேல்லையப்பா."

"பிறகேன் உப்பிடிச் சிவந்திருக்கு? குளிசை பொய் சொல்லுதோ?"

அவர் மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ண வந்தார். நான் பிள்ளையை இழுத்துப் பின்னால் விட்டேன். பொய்ச் சத்தியத்துக்கு என் பிள்ளை தலை கிடைக்காது என்று கத்தினேன். கிணற்றுக்கட்டில் அவர் தலையைப் பிடித்தபடி சாய்ந்திருக்க, மகளைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு சுன்னாகத்துக்கு அண்ணை வீட்டுக்குப் போய்விட்டேன். அண்ணை அன்றைக்கே கோப்பாய்க்குப் போய் எங்கள் படலையில் நின்று, தெருவே கேட்க, "நீயெல்லாம் ஒரு மனுசனே? இனி என்ரை தங்கச்சி உன்ரை படி மிதிக்கமாட்டாள்" என்று ஏசிவிட்டு வந்தார். என் கணவர் தலையைக் குனிந்தபடி எல்லாம் கேட்டாராம். அதைக் கேட்டதும், பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு என்றுதான் எனக்குத் தோன்றியது.

நாலாம் நாள் அந்தப் பெண் சுன்னாகத்துக்கே சைக்கிளில் வந்துவிட்டாள். வியர்த்துக் கொட்டியது. இந்த இடம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் முறைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சனிக்கிழமை பின்னேரத்திலிருந்து அவர் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, தேத்தண்ணி, காலையில் அப்பம் என்று ஒப்பித்தேன்.

"அப்பத்துக்கு மாவை என்ன விட்டுப் புளிக்க வைச்சனீங்கள்?"

"ஏன், அப்பத்துக்கு என்ன?"

கேட்டு முடிய முன்னமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. கடையில் அப்பச்சோடாவும் இல்லை, ஈஸ்ட்டும் இல்லை. பனை ஏறுகிற சீவல்காரனிடம் வேலியடியில் ஒரு சிரட்டை கள்ளு வாங்கினேன். அவர் கண்ணில் பட்டால் ஆசை வந்துவிடும் என்று விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அவர் இல்லாத நேரம் பார்த்து மாவில் விட்டுக் குழைத்து, சிரட்டையைக் கழுவி எறிந்தேன். எங்கள் ஊரில் அப்பத்தில் விடுகிற கள்ளைக் கள்ளு என்று யார் நினைக்கிறார்கள்? பால்குடி மறந்த பிள்ளைக்கும் பிய்த்து ஊட்டுகிறோம்.

"வெந்தாப் போயிடும் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது, அக்கா" என்றாள் அவள். "அப்பத்தின்ரை நடு வடிவா வேகாது. இந்தக் குளிசை குடிக்கிற ஆளுக்குக் கொஞ்சம் மிஞ்சினாலும் காணும், முகம் சிவந்திடும். நான்தான் அப்பம் எண்டு சொல்லிக் கேட்டிருக்கவேணும். எங்கடை வீட்டிலையும் கள்ளு விட்டுத்தான் சுடுறது."

அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்போதும் சந்தேகப்பட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து கட்டின கதையோ? இவளை அனுப்பினதே அவர்தானோ? கண்ணை எடுக்காமல் கேட்டேன். "அவர் உம்மிட்டை என்ன சொன்னவர்?"

அவள் கொப்பியை மூடிவிட்டுச் சொன்னாள். "தான் குடிச்சதெண்டுதான் சொன்னவர், அக்கா. எங்கை, எப்ப எண்டு கேட்டால் தெரியாதாம், அதாலைதான் உங்களிட்டை வந்தனான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளை அண்ணியிடம் விட்டுவிட்டு உடனே சைக்கிளை எடுத்தேன். வீட்டில் அவர் கழற்றிய மிஷின் ஒன்றுக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நாலு நாள் தாடி. என்னைக் கண்டதும் எழும்பி, சேட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார், யாரோ பெரிய உத்தியோகத்தர் வந்ததுபோல.

"குடிச்சதெண்டு ஏன் அந்தப் பிள்ளைக்குச் சொன்னனீங்கள்?" என்றேன்.

அவர் நிலத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "குடிக்கேல்லை எண்டுதான் முதல் நினைச்சன். பிறகு கிடந்து யோசிச்சன். முந்தியும் எனக்கு அப்பிடித்தானே. விடிஞ்சா ஒண்டும் ஞாபகம் இராது. நீர்தானே சொல்லுறனீர், நான் என்னென்ன செய்தனான் எண்டு. நீர் சொன்னது ஒருநாளும் பிழைச்சதில்லை. அதாலை இந்தமுறையும் நான் குடிச்சுத்தான் இருப்பன்."

உண்மைதான். வெறி முறிந்த காலைகளில் அவர் செய்ததையெல்லாம் நான்தான் அவருக்குச் சொல்வேன். கோபம் மிஞ்சிய நாட்களில் அவர் செய்யாததையும் இரண்டு மூன்று சேர்த்துச் சொல்லியிருக்கிறேன், நல்லாய் உறைக்கட்டும் என்று. அத்தனையையும் அவர் அப்படியே ஏற்று, செய்யாததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

"நீங்கள் குடிக்கேல்லை" என்றேன். "அப்பத்துக்கு நான் கள்ளு விட்டனான். நான் விட்ட கள்ளுத்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏசுவார், எதையாவது தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "அப்ப நான் குடிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லையப்பா."

"வடிவாத் தெரியுமோ? சனிக்கிழமையும்?"

"சனிக்கிழமையும் இல்லை. ஒருநாளும் இல்லை. மூண்டு மாசமா நீங்கள் ஒரு சொட்டும் தொடேல்லை."

அவர் வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்ததும் மறுபடி கேட்டார். நானும் மறுபடி சொன்னேன். அன்று பின்னேரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நம்பினார். அதையும் நான் சொன்னேன் என்பதற்காகத்தான் நம்பினார். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.