தோள்மேல் கை போடும் முறையும் என் வலக்கையில் விழுந்த கடியும்

நான் தலைமையாசிரியராக இருந்த கடைசி ஆண்டுகளில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் வலக்கையைக் கடித்தான். இதை எழுதாமல் விடவே விரும்பினேன். ஆனால் செய்தி அன்று மாலையே அதியமான்கோட்டையிலிருந்து அரூர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. போகும் வழியில் ஒரு கடி மூன்றாகப் பெருகியும் விட்டது. எனவே, புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு உண்மை நிலவரத்தை நானே பதிவு செய்வதுதான் என் மதிப்புக்கு நல்லது. கடி ஒன்றுதான்.

1. என் முறை

சண்டையிடும் மாணவர்களைச் சமாதானம் செய்ய என்னிடம் ஒரு முறை இருந்தது. இருவரையும் கொடிக்கம்பத்தருகே நிறுத்தி, ஒருவர் தோள்மேல் மற்றவர் கையைப் போடச் செய்வேன். இடைவேளை முடியும்வரை அப்படியே நிற்க வேண்டும். சிறிது நேரத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும், சண்டை தீர்ந்தது. பிரம்பைத் தொடாத தலைமையாசிரியர் என்று எனக்கு ஒரு பெயரும் உண்டு. தலைமையாசிரியர்கள் கூட்டமொன்றில் இம்முறையை விரிவாக விளக்கினேன். முன்வரிசையில் இருந்த அதிகாரி கைப்பேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். குறிப்பெடுக்கிறார் என்று எண்ணி, இன்னும் நிறுத்தி நிதானமாகப் பேசினேன்.

2. சத்துணவு வரிசை

கவினுக்கு ஆட்டிசம். நன்றாகப் படிப்பான், ஆனால் கூச்சலும், எதிர்பாராமல் மேலே கை படுவதும் அவனுக்கு ஆகாது. வாரம் ஒருமுறை எங்கள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியை ஷீலா இதை என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் தலையசைத்தேன். தலையசைப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

அன்று வரிசையில் கவினுக்குப் பின்னால் மாதேஷ் நின்றான். கவினின் பிடரியில் விரலால் குத்தினால் அவன் துள்ளுவான், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சில நாட்களாகவே பிள்ளைகளுக்கு இது பொழுதுபோக்காக இருந்திருக்கிறது. அன்று கவின் திரும்பி, கையிலிருந்த தட்டால் அடித்துவிட்டான். மாதேஷின் புருவம் கிழிந்து ரத்தம் வந்தது.

முதலுதவி முடிந்ததும் இருவரையும் கொடிக்கம்பத்துக்கு அழைத்துப் போனேன்.

"தோள்மேல கையப் போடுங்க."

"தொடாதீங்க," என்றான் கவின்.

"ராசியாகணும்னா போட்டுத்தான் ஆகணும்ப்பா."

"தொடாதீங்க. தொடாதீங்க சார்."

மாதேஷ்கூடத் தயங்கினான். நான் தயங்கவில்லை. அவன் கையை எடுத்துக் கவினின் தோளில் நானே வைத்து, நழுவாமல் அழுத்திப் பிடித்தேன். அடுத்த நொடி கவினின் பற்கள் என் கையில் பதிந்திருந்தன.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் ஊசியைத் தயார் செய்துகொண்டே கேட்டார்.

"நாயா சார்?"

"இல்லை."

"கொரங்கா?"

"மாணவர்," என்றேன். அந்த நிலையிலும் நான் மரியாதை தவறவில்லை.

3. மறுநாள் காலை

மாதேஷின் தந்தைதான் எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். மகனோடு என் அறைக்கு வந்தார்.

"என் பையன் கண்ணு போயிருந்தா இன்னா சார் பண்ணியிருப்பீங்க? அந்தப் பையனுக்கு டி.சி. குடுத்து அனுப்பிடுங்க."

கொடுத்துவிடுவதென்று நானும் முடிவு செய்திருந்தேன். தனியார் பள்ளிகள் முன்பே கவினை வேண்டாமென்று அனுப்பியிருந்தன. நாங்களும் அனுப்பினால் அவன் படிப்பு அதோடு முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கடிபட்ட கை வலித்தது. கடிபட்ட கௌரவம் அதைவிட அதிகமாக வலித்தது.

கவினின் தாய் செல்வி, தொப்பூர்ப் பக்கம் ஒரு சாலையோர ஓட்டலில் வேலை செய்பவர், மகனோடு வந்திருந்தார். ஷீலாவும் உடனிருந்தார்.

"அடிச்சது தப்புத்தாங்க," என்றார் செல்வி. "உங்களக் கடிக்கறதுக்கு முன்ன ஏதாச்சும் சொன்னானுங்களா சார்?"

"தொடாதீங்கன்னு சொன்னான். திரும்பத் திரும்பச் சொன்னான்."

செல்வியின் முகம் மலர்ந்தது. "டீச்சர், சொல்லிட்டானாம்!"

எனக்குப் புரியவில்லை. ஷீலா விளக்கினார்: "பயந்துட்டான்னா அவனுக்கு வார்த்தையே வராதுங்க சார். கை நீட்டாத, வாயால சொல்லுன்னு ரொம்ப நாளா பழக்கிட்டிருக்கோம். வரிசையில வரல. கொடிக்கம்பத்துகிட்டதான் மொத மொதலா வந்திருக்கு."

ஆக, அவன் முதல்முறையாகப் பாடத்தை ஒப்பித்தபோது கேட்காமல் போனவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர்.

நான் தளர்வதைத் தலைவர் கவனித்துவிட்டார். எழுந்து வந்து என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, "சார், இப்பிடிக் கொஞ்சம் வாங்க, தனியா பேசிக்கலாம்," என்று வராந்தா பக்கம் இழுத்தார்.

"தொடாமப் பேசுங்க!"

என் வாய்தான் அதைச் சொன்னது. பிறர் கை என்மேல் படுவதைக் கல்லூரி நாட்களிலிருந்தே நான் அனுமதிப்பதில்லை. ஆசிரியர்கள் என்னிடம் ஒரு முழம் தள்ளி நின்றே பேசுவார்கள். அதை என் ஆளுமை என்று கருதியிருந்தேன்.

தலைவர் கையை எடுக்கவில்லை. "அட, நாந்தானே சார்!"

மூலையில் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த கவின் சொன்னான்: "சொன்னா கைய எடுத்துடணும்."

தலைவர் சட்டென்று எடுத்துவிட்டார். ஷீலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"டேய் மாதேசு," என்றார் தலைவர், குரல் இறங்கி. "வரிசையில நீ அவன் மேல கைய வெச்சியாடா?"

"வெளையாட்டுக்குத்தாம்பா."

"அவனுக்கும் அது வெளையாட்டாடா?"

மாதேஷ் தன் புருவத்துப் பிளாஸ்திரியைத் தடவினான்.

"செரி சார், டி.சி. வேணாம். ஆனா அந்தத் தட்டுக்கு ஒரு வழி பண்ணுங்க."

4. அதன்பின்

தட்டைச் சோறு போடுமிடத்திலேயே கொடுப்பதென்று மாற்றினோம். கவின் வரிசையின் கடைசியில், முன்னால் இடைவெளி விட்டு நின்றான். தட்டால் அடித்தது தப்பு என்பதை ஷீலா படம் வரைந்து அவனுக்கு விளக்கினார். யாராவது 'வேண்டாம்' என்றால் கையை எடுத்துவிட வேண்டும் என்பது எல்லா வகுப்புக்கும் விதியானது, ஆசிரியர்களுக்கும்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த பருவத்திலேயே கவின் கையில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் நொறுங்கியது. ஆனால் கொடிக்கம்பத்தில் அதன்பின் கொடி மட்டுமே நின்றது.

என் பணி நிறைவு விழாவில் ஆளாளுக்குப் பொன்னாடை போர்த்தி, அணைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள். வியர்த்துக் கொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எட்டாம் வகுப்பின் சார்பில் கவின் பொன்னாடையோடு வந்தான். ஒரு முழம் தள்ளியே நின்று, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"போடட்டுமா சார்?"

"வேண்டாம்ப்பா. கையில குடு."

கொடுத்தான், போய்விட்டான். தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் பேசி நான் பரப்பிய முறையை இளைய ஆசிரியர்கள் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கேட்டுவிட்டுத் தொடுங்கள், 'வேண்டாம்' என்றால் அப்போதே விட்டுவிடுங்கள். அன்று வந்த பொன்னாடைகளில் நான் வைத்திருப்பது, தோளில் விழாத அந்த ஒன்றைத்தான்.