பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள்

பல்செட் செய்யும் எங்கள் கூடத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவருக்குப் 'பொறு அக்கா' என்று பெயர். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே புகுந்தால், "பொறு, அவங்களே சொல்லட்டும்" என்பார். செட்டுகளைத் தேய்த்து மெருகேற்றும் நான் வாய் திறப்பதற்குள் யாராவது எனக்காகப் பதில் சொல்லிவிடுவார்கள். அக்கா மட்டும் காத்திருப்பார்.

ஒரு நாள் கிளாரினெட் வாசிக்கும் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இது யாரோட பல்லுங்க? கண்ணாடி பாத்து நானே பயந்துட்டேன்!"

முதலாளி நேரே பெட்டி கட்டும் மாமாவிடம் போனார். செட் தயாரானதும் தட்டிலுள்ள எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்து, அது தரும் பெயர்ச்சீட்டை ஒட்டுவது மாமாவின் வேலை.

"கண்ணு தெரியலைன்னா வீட்டுல இருங்க. நாளைக்கு வர வேணாம்."

மாமா கையில் டேப்போடு நின்றார். "பாத்துதான்யா அடிச்சேன்..."

அக்கா என் பக்கம் திரும்பினார். "இந்த செட்டைத் தேய்ச்சப்போ தட்டுல என்ன எண் இருந்துச்சும்மா?"

"இருநூத்துப் பதினெட்டுதான், வேறென்ன?" என்றார் முதலாளி.

"பொறுங்க."

அக்கா காத்திருந்தார். "முன்னாடி ஒரு பூஜ்யம் இருந்துச்சுக்கா" என்றேன்.

கிளைக் கடையின் எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும். எங்கள் வழக்கம் அது; 218 இங்குள்ள ஒருவர், 0218 அங்குள்ள இன்னொருவர். அக்கா திரையைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எண்களையெல்லாம் எழுத்தாத்தான் சேத்து வச்சிருக்கோம். போன வாரம் புது புரோகிராம்ல நான் அதை வெறும் எண்ணா கேட்டுட்டேன். டேட்டாபேஸ் 'இது வேற வகை'ன்னு மறுத்திருக்கலாம். மறுக்கலை. சத்தமில்லாம எழுத்தை எண்ணா மாத்திக்கிச்சு. முன்னாடி வர்ற பூஜ்யத்துக்கு அங்க மதிப்பு கிடையாது. ரெண்டு ஆளும் ஒண்ணாயிட்டாங்க. முதல்ல அகப்பட்ட பேரை அச்சடிச்சிருச்சு."

"சுருக்கமா சொல்லும்மா. மெஷின் கோளாறா?"

ஆமாம் என்றால் அதோடு போயிருக்கும்.

"இல்லைங்க, என் தப்பு. அது உதவி பண்றதா நினைச்சு என்னைக் கேக்காம செஞ்சிருச்சு. நான்தான் தெளிவா கேட்டிருக்கணும்."

கிளாரினெட்காரரின் சொந்த செட் அலமாரியிலேயே இருந்தது. அவர் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பதான் என் மூஞ்சி மாதிரி இருக்கு" என்றார்.

அக்கா திருத்திவிட்டு மாமாவை அழைத்தார். பூஜ்யத்தோடு ஒருமுறை, பூஜ்யமில்லாமல் ஒருமுறை அடித்துக் காட்டினார். "சரியா வருதா மாமா?"

முதலாளி வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார்.

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ரெண்டு பேரு, ரெண்டு பெட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு டேப்பைக் கிழித்தார்.